இரண்டாவது கூடாரம்

சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை
மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே
ரிஃப்கானின் ஹார்ட்வெயார் கடை மாடியில்
வெற்றுச் சிமெந்துப் பையொன்றைக் கிழித்து
உள்பக்கம் மேலே வர விரித்தோம்.
நீர்த்தேக்கத்தை நான்தான் வரைந்தேன்.
கால் பரப்பிய நண்டு மாதிரி வந்தது.
"மவுஸ்ஸாகலதானே அக்கா, சமைக்கிறதுக்கில்லையே?"
என்றான் தம்பி புவிராஜ்.

நான்கு பேர், மூன்று இரவு.
கிழக்கே அணைக்கட்டில் தொடங்கி
வடகரை வழியாக நடந்து
ஓடை வந்து விழும் மூலையில் முடிப்பது.
மார்ச் கடைசி என்றால் தண்ணீர் இறங்கியிருக்கும்,
ஈரச் சேற்றில் தடம் பதியும்.
ஏப்ரல் என்றால் பின்னேர மழை.
மழை என்றால் அட்டை.
அட்டைக்கு உப்பா சவர்க்காரமா என்பதிலேயே
இரண்டு பிளேன்டீ ஆறிப்போனது.

கடிதம் இரண்டு வேண்டும்.
வன இலாகாவுக்குச் சிங்களத்தில் ஒன்று.
தோட்டத்து மனேஜருக்கு மற்றது:
அவர் பதில் போடமாட்டார்,
ஆனால் ஏன் கேட்கவில்லை என்று கேட்பார்.

ரொட்டிக்கு மா, தேங்காய், மாசி,
தீப்பெட்டி மூன்று, மூன்று பொலித்தீனில்.
கோழி தன் பொறுப்பு என்றான் ரிஃப்கான்.
கோழி வாசத்துக்கு
விருந்தாளி யார் யார் வருவார்களோ என்றான் தம்பி.
சிரித்தோம்,
பிறகு பட்டியலில் கோழியை வெட்டினோம்.

யாருக்கு எதைப் பார்க்க வேண்டும்?
தம்பிக்கு மரை,
கொம்பு உள்ளதாக, தண்ணீர் குடிக்கும்போது.
ரிஃப்கானுக்கு
பட்டுப்போன மரத்தில் செட்டை காயப்போடும் நீர்க்காகம்.
நான் "எதுவானாலும் சரி" என்றேன்.
சிறுத்தை என்று சொல்லவில்லை.
ஐந்தாம் நம்பர் மலையில்
கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அது
வேலை நிற்கும் ஒரு காலைப்பொழுது.
நான் அதைப் பார்க்கக் காசு சேர்க்கிறேன்.

யோகமலர் அதுவரை ஒன்றும் பேசவில்லை.
பிள்ளைக்காம்பராவில் முப்பது குழந்தைகளைத்
தூங்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.
நட்சத்திரம் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.
"இங்கேயா படுக்கப் போறோம்?"
ஓடைப் பக்கம், சமதரை, நல்ல காட்சி என்றேன்.
"மேலே என்ன இருக்கு?"
மேலே மலை இருந்தது.
நான் மலையை வரையவே இல்லை.

அவள் பென்சிலை வாங்கினாள்.
நட்சத்திரத்தை அடித்துவிட்டு
பைனஸ் மரங்களுக்கு அப்பால்
முதுகு போல் மேடான இடத்தில் வேறொன்று போட்டாள்.

ரிஃப்கான் தன் மச்சானிடம் இரவல் வாங்கிய கூடாரம்
பச்சைப் பையில் கிடந்தது.
கம்பி எது, கயிறு எது என்று
நாங்கள் மூவரும் தடுமாற,
அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு
பேச்சை நிறுத்தாமலே கட்டி முடித்தாள்.
முளை அடிக்க இடமில்லாத மொட்டைமாடியில்
நான்கு மூலைக்கும் நான்கு பெயின்ட் வாளி.

"வாசல் மலையைப் பார்த்து இருக்கணும்.
வாறதைப் பார்க்கலாம்."

மண் சரிந்த வருசம்
பள்ளிக்கூட மைதானத்தில் எட்டு மாதம்
என்று மட்டும் சொன்னாள்.
ஒன்பது பேர், ஒரு கூடாரம்.
மாமாவின் இருமல்,
இரவெல்லாம் தார்ப்பாயில் மழை,
புரண்டு படுக்க எல்லாரும் சேர்ந்து புரள வேண்டும்.

கீழே கடைசி ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது.
தம்பி தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினான்.
வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் மலர், என்றேன்,
விடுதி எடுக்கலாம், பகலில் மட்டும் நடக்கலாம்.

"யார் வேண்டாம்னது?" என்றாள்.
கூடாரத்துக்குள் தவழ்ந்து போய்
குறுக்காக, கைகால் விரித்துப் படுத்தாள்.
துணி வழியாகக் குரல் வந்தது:
"எனக்கு ஒண்ணு. தனியா."

ரிஃப்கான் கால்குலேட்டரை எடுத்தான்.
நாள் வாடகை, மூன்று நாள்,
நான்கால் பிரித்து.
அட்டைக்கு உப்பு என்பதற்குக் கீழே
கூடாரம் - 2
என்று நான் எழுதும்போது
உள்ளேயிருந்து சத்தமில்லை.
எட்டிப் பார்த்தால்
செருப்போடு தூங்கிவிட்டிருந்தாள்.